சங்வானம்மா

எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்குச் சொந்தப் பெயர் கிடையாது. மூத்தது எதுவோ, அதன் பெயரோடு ஓர் அம்மாவை ஒட்டிவிட்டால் முடிந்தது கதை. மூன் கும்சில் என்று எனக்கு ஒரு பெயர் இருப்பது வரி ஆபீசுக்கும் வங்கிக்கும்தான் தெரியும். எனக்கு முதலில் பிறந்தவன் சங்வான். அதனால் நான் சங்வானம்மா. கொரியாவில் தேகு நகரத்துச் சந்தையில் என் கடை. வீடுகளுக்குத் தொட்டுக்கொள்ளப் பதார்த்தம் செய்து விற்கிறேன். எதிர்க்கடை மீன்காரியும் மூலைக்கடைக் கோழிக்காரனும் நாள் முழுக்க அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். "சங்வானம்மா, நெத்திலி வறுத்தாச்சா?" "சங்வானம்மா, சில்லறை இருக்கா?" அப்போது அதன் அருமை எனக்குத் தெரியவில்லை.

அவனுக்கு நான்கு வயது முடிவதற்குள் அந்தப் பெயர் என்னைவிட்டுப் போய்விட்டது. ஒரே நாளில் போகவில்லை. அவன் பேசவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை, குழாய்த் தண்ணீர் விழுவதையே நின்று பார்த்துக்கொண்டிருந்தான் என்பதெல்லாம் ஊருக்குத் தெரியத் தெரிய, ஒவ்வொருவராக என்னை இளையவள் பெயரில் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஆரம்பித்து வைத்த புண்ணியவதி என் நாத்தனார், என் புருஷனின் அக்கா. அறுவடைத் திருநாளுக்கு எல்லாரும் அவள் வீட்டில் கூடியிருந்தபோது, "நாரேயம்மா, அந்தத் தட்டை இப்படித் தள்ளு" என்றாள். நாரே அப்போது என் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தை. வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். "உன்னைத்தான்" என்றாள்.

பிறகு சந்தையிலும் தொற்றிக்கொண்டது. மீன்காரியிடம் மட்டும் ஒருநாள் கேட்டுவிட்டேன். "எதுக்குடி பேரை மாத்தினே?"

"அந்தப் பேரைச் சொன்னா உனக்கு மனசு கஷ்டமா இருக்குமேன்னுதான்க்கா."

நல்ல மனசுக்காரிதான். அந்த நல்ல மனசைக் கொண்டுபோய் மீன் செதில் போடுகிற வாளியில் போடு என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அந்தப் பெயருக்காக நான் ஏங்கிப் போனேன். ஆஸ்பத்திரிக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போகும்போது நர்சு வெளியே வந்து, "சங்வானோட அம்மா யாரு?" என்பாள். உடனே எழுந்திருக்க மாட்டேன். காது கேளாதவள் மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். "சங்வானம்மா இருக்கீங்களா?" என்று இன்னொரு தடவை கூப்பிடுவாள். அப்புறம்தான் எழுந்து போவேன். நர்சுகள் திட்டுவார்கள். திட்டிவிட்டுப் போகட்டும்.

எப்படி இப்படி ஆனது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். வயிற்றில் இருக்கும்போது நான் நண்டு தின்றேனாம். டிவி முன்னால் போட்டுவிட்டேனாம். தடுப்பூசியாம். கோழிக்காரன் பெண்டாட்டி ஒரு சாமியாடியிடம் கூட்டிப் போகிறேன் என்று நின்றாள். கடைசியில் ஒரு டாக்டர் பெரிய புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சொன்னார்: "தாய்ப்பாசம் பத்தாததால வர்ற நோய்ம்மா இது. நீங்க கடை கடைன்னு இருந்திருக்கீங்க. பிள்ளை உள்ளுக்குள்ள சுருண்டுக்கிட்டான். நிறைய தூக்குங்க, நிறையக் கட்டிப்பிடிங்க. திரும்பி வந்துடுவான்."

அழுதேன் என்றா நினைக்கிறீர்கள்? எனக்கு வந்ததே ஒரு சந்தோஷம்! திரும்பி வந்துவிடுவான் என்கிறாரே மனுஷன். என் தப்பு என்றால் நானே சரிபண்ணிவிடலாமே. என் புருஷன் வீட்டுக்காரர்களுக்கு அதைவிடச் சந்தோஷம். "பாத்தியா, நம்ம ரத்தத்துல ஒண்ணும் கிடையாது" என்று நாத்தனார் நெஞ்சில் கைவைத்துப் பெருமூச்சு விட்டாள். ரத்தத்தில் இருக்கிறது என்று ஊர் பேசினால் நாளைக்கு நாரேயை யார் கட்டுவார்கள்? நாத்தனார் பெண்களை யார் கட்டுவார்கள்? ஒரு பெண்ணரசி தலையில் பழியைப் போட்டதில் குடும்பமே பிழைத்தது. அந்தப் பெண்ணரசி நான்தான்.

அன்றைக்கே முதுகில் துணியைக் கட்டி அவனைத் தூக்கிவிட்டேன். கைக்குழந்தைகளைக் கட்டுகிற பஞ்சுவைத்த தடித்த துணி. அதில் ஐந்து வயதுப் பையன், ஆறு வயதுப் பையன், பிறகு ஒன்பது வயதுப் பையன். அவன் கால் என் முழங்காலுக்குக் கீழே இடிக்கும். முதுகில் அவனோடுதான் வேர்க்கிழங்கு சீவினேன், கீரை அலசினேன், நல்லெண்ணெய் டின்னை நகர்த்தினேன். "ஏம்மா, யாரு யாரைத் தூக்கிட்டுப் போறீங்க?" என்று மூட்டைக்காரர்கள் சிரிப்பார்கள். "உன் அம்மாவைக் கேளு" என்று சொல்லிவிட்டுப் போவேன்.

எனக்கு ஒரே ஒரு அடையாளம்தான் வேண்டியிருந்தது. முதுகில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் அம்மா கழுத்தைக் கட்டிக்கொள்ளும், இல்லையா? என்றைக்கு இவன் கை என் கழுத்தைக் கட்டுகிறதோ அன்றைக்குத் திரும்பி வந்துவிட்டான் என்று அர்த்தம். அப்படி நானே முடிவு பண்ணி வைத்திருந்தேன். அவன் கைகளோ இரண்டு பக்கமும் சும்மா தொங்கும். நெற்றியை மட்டும் என் தோள்பட்டைகளுக்கு நடுவே முட்டி வைத்திருப்பான். தூக்கம் போல என்று நினைத்துக்கொள்வேன்.

அவனுடைய ஒன்பதாவது வயதில் இன்னொரு டாக்டர், சின்னப் பெண், நாள் முழுக்க அவனோடு தரையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொன்னாள். "இது ஆட்டிசம்ங்க. பிறக்கும்போதே அவன் மூளை இப்படித்தான் அமைஞ்சிருக்கு. பாசம் குறைஞ்சா வர்றது இல்ல. பாசம் கொட்டினா போறதும் இல்ல. நீங்க எந்தத் தப்பும் பண்ணலை. இனிமே முதுகுல தூக்க வேண்டாம், உங்க இடுப்பைப் பாருங்க." என்னை விடுதலை பண்ணிவிட்டதாக நினைத்து அவள் சிரித்தாள். நான் ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து கதறிவிட்டேன். தப்பு என்னுடையதாக இருந்தவரைக்கும் அவன் திரும்பி வர ஒரு வழி இருந்தது. இப்போது அதையும் பிடுங்கிக்கொண்டாளே பாவி என்றுதான் தோன்றியது. அவள் சொன்னதுதான் சரி என்று மூளைக்குத் தெரிந்தது. வயிறு ஒத்துக்கொள்ளவில்லை.

அதனால் வெளியே பழைய கதையையே வைத்துக்கொண்டேன். யாராவது கேட்டால், "பிறவி இல்லீங்க, நான்தான் சரியா கவனிக்கலை" என்பேன். வாய் பழகிவிட்டது. நாரேயின் கல்யாணத்துக்கும் அதுதான் நல்லது.

இப்போது அந்தக் கல்யாணத்துக்கு வருகிறேன். நாரே பல் டாக்டர் ஒருவரிடம் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை கிதேவுக்குக் குடிநீர் வாரியத்தில் வேலை. நல்ல பையன். கடைக்கு வந்தால் நேரே உள்ளே போய்ச் சங்வான் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரிப்பான். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். சங்வானுக்கு இப்போது முப்பது தாண்டிவிட்டது. என்னைவிட ஒன்றரைத் தலை உயரம். அவனுக்குப் பிடித்த வேலை பயறு முளைக்கு வேர் வாலைக் கிள்ளுவது. ஒரு கூடை கொடுத்தால் வாலில்லாத முளையெல்லாம் ஒரே திசையில் படுத்திருக்கும். நான் அடுப்படியில் நின்றால் மட்டும் தொந்தரவு. பின்னால் வந்து குனிந்து நெற்றியை என் முதுகில் முட்டிக்கொண்டு நிற்பான். முன்னால் எண்ணெய் கொதிக்கும். "டேய், போடா அந்தப் பக்கம், வெந்து போகப் போறோம்" என்று தினமும் கத்துவேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவான்.

இரண்டு வீட்டாரும் சந்தித்துச் சாப்பிட்டுப் பேசி நாள் குறிக்க ஏற்பாடாயிற்று. அதற்கு முந்தின வாரம் எனக்கும் நாரேக்கும் சண்டை.

"அம்மா, அண்ணனைப் பத்திக் கேட்டா அந்தப் பழைய பல்லவியைப் பாடக்கூடாது, சொல்லிட்டேன்."

"எந்தப் பல்லவி?"

"நீ கவனிக்காததாலதான் அவன் அப்படி ஆனான்ங்கிறது. கிதேகிட்ட நான் உண்மையைச் சொல்லிட்டேன்."

"அவன்கிட்ட சொல்லு, தப்பில்ல. அவன் அம்மாகிட்ட சொல்ல முடியுமா? பேரப்பிள்ளை நினைப்பு அவங்களுக்கு. ஒரு வார்த்தை பொய் சொன்னா என்ன, என் நாக்கு அழுகிடுமா?"

"பொய் சொல்லித்தான் எனக்குக் கல்யாணம் ஆகணும்னா அந்தக் கல்யாணமே வேண்டாம். கல்யாணப் போட்டோல அண்ணன் இல்லைன்னாலும் வேண்டாம்."

"ஆமாடி, பெரிய மகாராணி! கல்யாணம் வேண்டாமாம். நாளைக்கு நான் செத்தா நீயும் அவனும் முளை கிள்ளிக்கிட்டு உக்காந்திருங்க."

"உக்காந்திருக்கோம்" என்றாள் அவள், என் மூஞ்சிக்கு நேரே. என் மகள்தானே, வேறெப்படி இருப்பாள்?

நான் என் பாட்டுக்கு என் ஏற்பாட்டைப் பண்ணினேன். விருந்து நாளன்று சங்வானை மீன்காரியிடம் விட்டேன். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டதால் எங்கள் பக்கத்துப் பெரியவளாக நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு ஓட்டலுக்குப் போனேன். தரையில் உட்கார்ந்து தாழ்ந்த மேசையில் சாப்பிடுகிற தனி அறை. சம்பந்தியம்மாவும் அவர் வீட்டுக்காரரும் எனக்கு முன்பே வந்திருந்தார்கள். அந்த அம்மாள் மெல்லிய குரல்காரர், உடுப்பில் ஒரு மடிப்புக்கூடக் கசங்காது. கிதேயும் வந்துவிட்டான். நாரேயைத்தான் காணோம். கொஞ்ச நேரத்தில் கதவு நகர்ந்தது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, தலையில் சத்தம் மறைக்கிற காதுக் கவசம், அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு நாரே நிற்கிறாள்.

நாத்தனார் என் தொடையைக் கிள்ளினாள். "இது என்ன வேலை, நாரேயம்மா?"

"எனக்குத் தெரியாது அண்ணி" என்றேன். உண்மையாகவே தெரியாது. மீன்காரியை நாளைக்குக் கவனித்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

சங்வான் மேசை ஓரத்தில் உட்கார்ந்தான். யாரையும் பார்க்கவில்லை. வணக்கம் சொல்லவில்லை. அவனுக்குச் சோறும் காய்ந்த கடற்பாசியும் போதும். பதார்த்தத் தட்டுகள் வந்து நிறைய, அதில் பயறு முளைத் தட்டு ஒன்று இருந்தது. ஓட்டல்காரர்கள் சோம்பேறிகள், வால் கிள்ளாமல் அப்படியே வதக்கியிருந்தார்கள். இவன் ஒவ்வொரு முளையாக எடுத்து வாலைக் கிள்ளித் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைக்க ஆரம்பித்தான். நான் அவமானத்தில் செத்துக்கொண்டிருந்தேன். சம்பந்தி ஐயா சாப்பாட்டைத் தவிர எதையும் கவனிக்காத மனிதர். அவர் தன் பக்கத்து முளைத் தட்டையும் அவன் முன்னால் நகர்த்திவைத்தார்.

மண்டபம், விருந்தாளிகள், பட்டுத் துணி என்று பேச்சு ஓடியது. பழம் வருவதற்கு முன்னால் சம்பந்தியம்மாள் கரண்டியைக் கீழே வைத்தார்.

"நாரேயம்மா, ஒண்ணு கேப்பேன். தப்பா எடுத்துக்கக் கூடாது."

"கேளுங்க சம்பந்தியம்மா."

"எங்க பக்கத்துல பெரியவங்க நிறைய பேரு. கேள்வி கேப்பாங்க. பையனுக்கு இது பிறவி இல்லையாமே? உங்க நாத்தனார் போன்ல சொன்னாங்க. சின்ன வயசுல நீங்க வேலையா இருந்துட்டீங்களாம், அதனால வந்ததாம். அவ்வளவுதானே? அப்படின்னா ஒண்ணும் பிரச்சினையே இல்ல. உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா நானும் அவங்ககிட்ட அப்படியே சொல்லிடுவேன்."

கெட்ட எண்ணமே இல்லை. எனக்கு உதவி செய்கிற முகம் அது. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, உள்ளே வாங்க என்கிற முகம். எதிரில் நாரே என்னையே பார்த்தாள். கண்ணால் கெஞ்சவில்லை, மிரட்டினாள். நான் அவளைப் பார்க்காமல் வாயைத் திறந்தேன். பழகிய வாயாயிற்றே.

"ஆமாங்க, பிறவியெல்லாம் இல்லீங்க. நான்தான் கடை கடைன்னு..."

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து அறையில் யாருக்கோ பிறந்தநாள். பத்துப் பதினைந்து பேர் ஒன்றாகக் கைதட்டி ஓவென்று பாட ஆரம்பித்தார்கள். சங்வான் எழுந்தான். காதுக் கவசத்தின் மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டான். தொண்டைக்குள் ஒரு சத்தம் போட்டான். அவன் மேசையைச் சுற்றிக்கொண்டு எனக்குப் பின்னால் வந்து மண்டியிட்டு, என் தோள்பட்டைகளுக்கு நடுவே நெற்றியை முட்டி வைத்தான். அவன் தொண்டைச் சத்தம் என் முதுகெலும்புக்குள் இறங்கியது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றது.

அதே இடம். ஒரு விரல் அகலம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இல்லை. துணியில் கட்டித் தூக்கிய நாளில் எங்கே முட்டினானோ, நேற்று அடுப்படியில் எங்கே முட்டினானோ, அங்கே. கை கழுத்தைக் கட்டுமா, கட்டுமா என்று நான் முன்பக்கமே பார்த்துக்கொண்டு வருஷக்கணக்கில் ஏங்கியிருக்கிறேன். இவன் பின்னால் இத்தனை நாளும் இதைத்தான் செய்துகொண்டிருந்தான். நான் போடா போடா என்று விரட்டிக்கொண்டிருந்தேன். பாசம் கிடைக்காத பிள்ளையா இப்படிப் பயந்தால் ஓடி வந்து ஒட்டிக்கொள்ளும்? எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. யார் மேல் கோபம் என்று கேட்டால் எல்லார் மேலும்தான்.

"நான்தான் கடை கடைன்னு..." என்று சம்பந்தியம்மாள் எனக்கு எடுத்துக் கொடுத்தார்.

"இல்லீங்க" என்றேன். "பிறவிதான்."

நாத்தனார் தொடையை மறுபடி கிள்ளினாள். அவள் கையை எடுத்து அவள் மடியிலேயே வைத்தேன்.

"பிறக்கும்போதே இப்படித்தான் பிறந்தான். இது ஆட்டிசம். யாரும் கொடுத்ததில்ல. ஒன்பது வயசு வரைக்கும் இவனை முதுகுல தூக்கியிருக்கேன் சம்பந்தியம்மா. எங்க சந்தையில எந்த அம்மாவும் எந்தப் பிள்ளையையும் அத்தனை நாள் தூக்கினதில்ல. பாசம் பத்தலைன்னு இனிமே யார் வாயால வந்தாலும் எனக்குப் பொறுக்காது. என் வாயால வந்தாலும்தான். பேரப்பிள்ளைக்கு வருமா வராதான்னு கேட்டா எனக்குத் தெரியாது. வராதுன்னு சொன்னா அது இன்னொரு பொய்."

பழம் வந்தது. யாரும் தொடவில்லை. சம்பந்தியம்மாள் கைக்குட்டையால் வாயை ஒற்றிக்கொண்டு, "நாள் குறிக்கிறதைப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றார். கிதே ஏதோ சொல்ல வந்தான், அவன் அப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் நாத்தனார் பிடித்துக்கொண்டாள். "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியலையா உனக்கு? பொண்ணு வாழ்க்கையில மண்ணை அள்ளிப் போட்டுட்டியே! என் பொண்ணுங்க புருஷன் வீட்டுல இனிமே என்ன பேசுவாங்க?"

"பேசட்டும் அண்ணி. நீங்களே போன் போட்டுச் சொல்லுங்க, உங்களுக்குத்தான் போன் பேசப் பிடிக்குமே."

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் நாரே என் தோளில் சாய்ந்துகொண்டாள். சின்னப் பிள்ளையில் சாய்ந்தது, அதற்கப்புறம் இப்போதுதான். "தேங்க்ஸ்மா" என்றாள். "தேங்க்ஸ் வேண்டாம், நீ முதுகன்னியா நிக்கப் போறே" என்றேன். சிரித்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு ரொம்ப நேரம் திரும்பவே இல்லை.

போன் வரவில்லை. அந்த வாரமும் வரவில்லை, அடுத்த வாரமும் வரவில்லை. கிதே மட்டும் வருவான், பூண்டு உரிப்பான். "அம்மா எதுவும் பேச மாட்டேங்கிறாங்க அத்தை" என்பான். நாரே என் முன்னால் அழவில்லை. காலையில் கண் வீங்கியிருந்தால் வெங்காயம் என்பாள், வீட்டில் வெங்காயம் நறுக்கியிருக்கவே மாட்டோம். நான் சொன்னது சரியா தப்பா என்று எனக்குள் ஒரு பஞ்சாயத்து ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு வார்த்தையை விழுங்கியிருந்தால் இந்நேரம் பட்டு எடுத்திருப்போம். அடுப்படியில் சங்வான் வந்து முதுகில் முட்டுவான். இப்போது நான் விரட்டுவதில்லை. அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு நிற்பேன்.

குளிர்காலத்துக் கிம்ச்சி ஊறுகாய் போடுகிற சமயம் வந்துவிட்டது. சந்தை முழுக்க முட்டைக்கோஸ் மலை. ஒருநாள் காலையில் கழுத்துவரை உப்புத் தண்ணீரும் மிளகாய்ப்பொடியுமாக நான் நிற்கும்போது கடை வாசலில் சம்பந்தியம்மாள் வந்து நின்றார். தனியாக. நல்ல கோட்டு போட்டுக்கொண்டு அந்தச் சேற்றுக்குள் நடந்து வந்திருந்தார்.

"உக்காரச் சொல்ல மாட்டீங்களா?"

கவிழ்த்த வாளியைத் துடைத்துப் போட்டேன். அதற்கு எதிரில் சங்வான் முளைக் கூடையோடு இருந்தான். அந்த அம்மாள் கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு பிடி முளையை எடுத்துக் கிள்ள ஆரம்பித்தார். சங்வான் பார்த்தான். அவர் கிள்ளிப்போட்டதை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்து, மிச்சமிருந்த வாலைக் கிள்ளி, அவன் வரிசையில் வைத்தான்.

"நான் செஞ்சது சரியில்லையாக்கும்" என்றார் அவர்.

"யார் செஞ்சாலும் அவனுக்குச் சரியில்ல. என்னோடதையும் அப்படித்தான் எடுப்பான்."

கொஞ்சம் சிரித்தார். பிறகு தலை நிமிராமலே கேட்டார். "ஒன்பது வயசு வரைக்குமா தூக்கினீங்க?"

"ஆமா."

"இடுப்பு போயிருக்குமே."

"எப்பவோ போச்சு. மழை வரப்போறது ரேடியோவுக்கு முன்னாடி எனக்குத் தெரியும்."

"எனக்குக் கோபம் வந்துச்சு, தெரியுமா? பொய்யே சொல்லியிருந்தா நான் நிம்மதியா நம்பிட்டுப் போயிருப்பேன். இப்ப ராத்திரியெல்லாம் யோசனை. என் மச்சினர் கேக்குறாரு, நாளைக்குப் பேரன் இப்படிப் பொறந்தா என்ன பண்ணுவேன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பயமா இருக்குன்னு சொன்னேன். பயமாத்தானே இருக்கு." ஒரு முளையை எடுத்து, வால் முழுக்கப் போகும்படி நிதானமாகக் கிள்ளினார். "என் பையனும் சின்னதுல ராத்திரி முழுக்க அழுவான். ரெண்டு நாள் முதுகுல கட்டித் தூக்கினதுக்கே நான் எங்கம்மா வீட்டுக்கு ஓடிட்டேன். பொறந்தா எப்படித் தூக்கறதுன்னு கத்துக்குடுக்க ஆள் இருக்காங்கன்னு மச்சினர்கிட்ட சொல்லிட்டேன்."

அவர் வைத்த அந்த முளையைச் சங்வான் எடுத்துப் பார்த்தான். கிள்ளவில்லை. அப்படியே தன் வரிசையில் வைத்தான். மிளகாய்க் கையோடு கண்ணைத் துடைக்க முடியாமல் நின்றேன்.

வசந்தத்தில் கல்யாணம். எங்கள் வழக்கப்படி இரண்டு அம்மாக்களும் கைகோத்து நடந்துபோய் மேடையில் மெழுகுவத்தி ஏற்றினோம், அவர் நீலப் பட்டு, நான் இளஞ்சிவப்பு. அவர் கை என்னுடையதைவிட ஜில்லென்று இருந்தது. சங்வான் காதுக் கவசத்தோடு கடைசி வரிசையில் சம்பந்தி ஐயா பக்கத்தில் இருந்தான். அவர் சட்டைப்பை நிறைய வறுத்த கடற்பாசி கொண்டுவந்திருந்தார்.

எல்லாம் முடிந்து குடும்பப் போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். உறவுக்கூட்டம் மேடை ஏறியது. மாப்பிள்ளை பக்கம் வலது, பெண் பக்கம் இடது. போட்டோக்காரன் கத்திக்கொண்டிருந்தான். சங்வான் தானாகவே வந்து என் பின்னால் நின்று நெற்றியை முட்டி வைத்தான். நாத்தனார் என் காதோரம் குனிந்தாள்.

"நாரேயம்மா, நான் சொல்றதைக் கேளு. ரெண்டு போட்டோ எடுத்துடலாம். அவனைக் கொஞ்சம் கீழே நிக்கச் சொல்லி ஒண்ணு, அப்புறம் அவனோட ஒண்ணு. மாட்டறதுக்கு ஒண்ணு வேணும்ல? நாரேக்குத் தெரியவே வேண்டாம்."

பல்லைக் கடித்தேன். திட்டத்தான் வாயைத் திறந்தேன். மேடையில் நூறு பேர், மகள் கல்யாணம். திட்டினாலும் கேவலம், திட்டாவிட்டாலும் கேவலம். அதற்குள் போட்டோக்காரன், "அம்மா, உங்க பின்னாடி நிக்கிறவரு முகமே தெரியலை, அவரைக் கொஞ்சம் தள்ளி..." என்றான்.

அப்போது வலது பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. மெல்லிய குரல்காரரான சம்பந்தியம்மாள் அன்றைக்கு மட்டும் எங்கிருந்து அத்தனை சத்தம் எடுத்தாரோ, மண்டபத்தின் கடைசி நாற்காலிவரை கேட்டது.

"சங்வானம்மா!"

இரண்டு பக்கத்துத் தலைகளும் திரும்பின. கூட்டத்தில் நின்ற மீன்காரி வாயில் கையை வைத்துக்கொண்டாள். நாரே மணப்பெண் கோலத்தில் அப்படியே என் பக்கம் திரும்பினாள். என் முதுகில் நெற்றி சூடாக இருந்தது. நான் திரும்பவில்லை. எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நாத்தனார் முழங்கையால் இடித்தாள். "உன்னைத்தான் கூப்பிடறாங்க. காது கேக்கலையா?"

கேட்டது. இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்றுதான் நின்றேன்.